வகுப்பில் வம்பிழுக்கும் பிள்ளையும் அவன் வீடும்: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

உயர்நிலைப் பள்ளி ஒன்றில் ஆலோசகராக இருக்கிறேன். சக மாணவரைக் கொடுமைப்படுத்தியதாகப் புகாருக்கு ஆளான பிள்ளையின் பெற்றோரும், அந்தக் கொடுமைக்கு ஆளான பிள்ளையின் பெற்றோரும் என் மேசைக்கு எதிரே அதே இரண்டு நாற்காலிகளில்தான் வந்து உட்காருகிறார்கள். கேட்கும் கேள்விகளும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றையே இங்கே தொகுத்திருக்கிறேன். 'அவன்' என்று எழுதியிருக்கும் இடங்களில் 'அவள்' என்றும் படித்துக்கொள்ளலாம். பெண் பிள்ளைகள் கைநீட்டுவது குறைவு. பேச்சை நிறுத்தி ஒருத்தியை ஒதுக்கிவைப்பதில் அவர்கள் யாருக்கும் இளைத்தவர்கள் அல்லர்.

பிள்ளைகள் என்றால் கேலியும் சண்டையும் இருக்கத்தானே செய்யும்? எல்லாவற்றையும் கொடுமை என்று சொல்லிவிடலாமா?

சொல்லக்கூடாது. சம பலமுள்ள இருவர் கட்டிப் புரண்டால் அது சண்டை. மறுநாள் தோளில் கைபோட்டுக்கொண்டு திரிவார்கள். இந்தத் துறைக்கு அடித்தளம் போட்டவர் டான் ஓல்வியஸ். ஸ்வீடனில் பிறந்து நார்வேயில் பணியாற்றிய உளவியலாளர். 1970-களில் இதை முறையாக ஆராயத் தொடங்கிய அவர் மூன்று அடையாளங்களைச் சொன்னார்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, எதிர்த்து நிற்க முடியாத ஒருவரிடம் செய்வது. மூன்றாவதுதான் உரைகல். பலம் என்றால் உடல் பலம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். கூட்டாளிகளின் எண்ணிக்கை, நாக்கின் கூர்மை, ஆசிரியரிடம் வாங்கி வைத்திருக்கும் நல்ல பெயர் எல்லாமே பலம்தான்.

இது அரிதான சங்கதியும் அல்ல. முந்தைய ஒரு மாதத்தில் ஒரு முறையாவது சக மாணவர்களால் இப்படித் துன்புறுத்தப்பட்டவர்கள் உலக அளவில் ஏறத்தாழ மூவரில் ஒருவர் என்று யுனெஸ்கோ 2019-இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது.

பள்ளியில் நடப்பதற்கு வீட்டை ஏன் இழுக்கிறீர்கள்?

வீடு மட்டுமே காரணம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பார்த்தும் பாராததுபோல் போகும் ஆசிரியர், சுற்றி நின்று சிரிக்கும் கூட்டம், பிள்ளையின் பிறவிச் சுபாவம் என்று பலவும் சேர்ந்தே இது நடக்கிறது. ஆனால் வலுத்தவர் மெலிந்தவரை என்ன செய்யலாம் என்ற கணக்கை ஒரு பிள்ளை முதன்முதலில் படிப்பது வீட்டில்தான். பள்ளிக்கு வரும்போது அது மனப்பாடமாகியிருக்கும்.

ஓல்வியஸ் 1980-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில் ஸ்வீடனைச் சேர்ந்த 13 வயது, 16 வயதுப் பையன்களின் வீட்டுப் பின்னணியை அலசினார். அவர்களின் முரட்டுத்தனத்தோடு தொடர்புடையவை என நான்கு காரணிகள் தெரிந்தன. சிறு வயதில் தாய் அவனிடம் காட்டிய ஒட்டாத, வெறுப்பான மனநிலை. அவன் மற்றவர்களிடம் முரட்டுத்தனமாக நடந்தபோது தாய் தடுக்காமல் விட்டது. பெற்றோர் அடி, மிரட்டல் என்று பலத்தைக் காட்டி அடக்கியது. அவனுடைய துடுக்கான சுபாவம். முதல் இரண்டிலும் தாயையே கூண்டில் ஏற்றியிருப்பதைக் கவனியுங்கள். பிள்ளை வளர்ப்பு தாயின் வேலை என்று ஆராய்ச்சியாளர்களும் நம்பிய காலம் அது. தந்தை, பாட்டி, தாத்தா, மாமா என வீட்டில் இருக்கும் எல்லாப் பெரியவர்களையும் சேர்த்துத்தான் நான் அதைப் படிக்கிறேன்.

அந்த நான்கில் பெற்றோர் பெரும்பாலும் தாண்டிப் போவது இரண்டாவதை. அடிப்பது தவறு என்பது இப்போது பலருக்கும் தெரியும். தம்பியின் பொம்மையைப் பிடுங்கி உடைத்த பிள்ளையைப் பார்த்து, "இவனிடம் யாரும் வாலாட்ட முடியாது" என்று பெருமையோடு சிரிப்பதும் ஒரு பாடம்தான் என்பது தெரிவதில்லை.

நாங்கள் பிள்ளையை ஒரு நாளும் அடித்ததில்லை. பிறகு எங்கிருந்து கற்றுக்கொண்டான்?

என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். பதிலாக ஒரு காட்சியைச் சொல்கிறேன். ஆள் அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.

ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன்மீது புகார். பாதிக்கப்பட்ட மாணவன் தன் கையெழுத்தில் எழுதிக் கொடுத்திருந்தான்: "நான் எதைச் சொன்னாலும் 'உன்னை யார் கேட்டார்கள்?' என்கிறான். வகுப்பே சிரிக்கிறது. நான் பேசுவதையே நிறுத்திவிட்டேன்." அந்தத் தாள் என் முன்னால் இருந்தது. பெற்றோர் இருவரும் வந்திருந்தார்கள். பையன் சரியாகத் தூங்குகிறானா என்று அம்மாவைப் பார்த்துக் கேட்டேன். அவர் வாயைத் திறந்தார். அப்பா திரும்பிக்கூடப் பார்க்காமல், குரலை உயர்த்தாமல் சொன்னார்: "உன்னை யார் கேட்டார்கள்?"

உண்மையில் நான்தான் கேட்டிருந்தேன். அந்த அம்மா கைப்பையைத் திறந்து, அதில் இல்லாத எதையோ தேடத் தொடங்கினார். பையன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். உதட்டோரம் லேசாகச் சுழித்தது. அந்த வீட்டில் யாரும் யாரையும் அடித்ததில்லை என்பது உண்மையாகவே இருக்கலாம்.

பெரியவர்கள் செய்வதைப் பார்த்தே பிள்ளைகள் முரட்டுத்தனத்தைப் படிக்கிறார்கள் என்பதை ஆல்பர்ட் பாண்டுரா 1961-இல் ஸ்டான்ஃபோர்டில் செய்த சோதனையில் காட்டினார். காற்றடைத்த ஒரு பொம்மையைப் பெரியவர் ஒருவர் அடிப்பதையும் உதைப்பதையும் பார்த்த மழலையர் பள்ளிக் குழந்தைகள், வாய்ப்புக் கிடைத்ததும் அதே அடியை, அதே சொற்களோடு அடித்தார்கள். பொம்மையை அடித்ததை வைத்து எல்லாவற்றையும் முடிவு செய்ய முடியாது என்று பின்னால் பலர் விமர்சித்ததும் நியாயமே. இருந்தாலும் அந்த 'அதே சொற்களோடு' என்பது என்னை விடுவதில்லை.

அடியாத மாடு படியாது என்பார்களே? கண்டிப்பு இல்லாமல் எப்படி?

கண்டிப்பு வேறு, அடி வேறு. மாட்டுக்குச் சொன்னது மாட்டோடு இருக்கட்டும். பிள்ளைகளை அடிப்பது பற்றி ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளில் வந்த ஆய்வுகளை எலிசபெத் கெர்ஷாஃப், ஆண்ட்ரூ குரோகன்-கெய்லர் ஆகிய இருவரும் தொகுத்து 2016-இல் வெளியிட்டார்கள். 1,60,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் பற்றிய தரவு அது. அடி வாங்கி வளர்ந்தவர்களிடம் முரட்டுத்தனமும் ஒழுங்கு மீறலும் கூடுதலாகவே தென்பட்டன. முரட்டுப் பிள்ளைதான் அதிகம் அடி வாங்குகிறது, அடியால் முரடாகவில்லை என்று வாதிடலாம். இரண்டு திசையிலும் அது ஓடுகிறது என்பதே உண்மைக்கு நெருக்கம். எப்படிப் பார்த்தாலும் அடி பிள்ளையைப் படிய வைத்ததாகத் தெரியவில்லை.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜெரால்ட் பேட்டர்சன் குடும்பங்களின் வீடுகளுக்கே ஆட்களை அனுப்பி, நடப்பதைக் குறித்துவரச் செய்தார். அவர் கண்டது ஒரு சுழல். அம்மா ஒன்றைச் செய்யச் சொல்கிறார், பிள்ளை முரண்டு பிடிக்கிறது. அம்மா குரலை உயர்த்துகிறார், பிள்ளை அதைவிடக் கத்துகிறது. கடைசியில் அம்மா அலுத்துப்போய் விட்டுவிடுகிறார். கத்தினால் காரியம் நடக்கும் என்று பிள்ளை தெரிந்துகொண்டது. விட்டுக்கொடுத்தால் நிம்மதி கிடைக்கும் என்று அம்மாவும் தெரிந்துகொண்டார். இன்னொரு நாள் அம்மாவே உச்சக் குரலில் கத்தி ஜெயிக்கிறார். அப்போதும் பாடம் அதேதான். ஆயிரம் முறை இப்படி ஒத்திகை பார்த்த பிள்ளை வகுப்புக்கு வந்ததும் யாரிடம் கத்தினால் யார் அடங்குவார் என்று கண்ணாலேயே அளந்துவிடுகிறது.

செல்லம் கொடுத்துக் கெடுத்ததாலா?

செல்லத்தால் யாரும் கெடுவதில்லை. எல்லை இல்லாததால் கெடலாம். டயானா பாம்ரிண்ட் 1960-களில் பெற்றோரின் போக்கை வகைப்படுத்தியபோது, அன்பும் உண்டு, விதியும் உண்டு, விதிக்கு விளக்கமும் உண்டு என்று வளர்க்கும் பெற்றோரின் பிள்ளைகளே நன்றாக இருந்தார்கள். அதிகாரம் மட்டும் செலுத்துவதும் அவிழ்த்துவிடுவதும் அதற்கு ஈடாகவில்லை.

கொடுமைக்கு ஆளாகும் பிள்ளையின் வீட்டுக்கும் இதில் பங்கு உண்டா?

எழுதத் தயங்கிய பதில் இது. முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: அடித்தவன் செய்தது அடித்தவனின் பொறுப்பு. உங்கள் பிள்ளையோ நீங்களோ அதை வரவழைத்துக்கொள்ளவில்லை.

ஆனால் சில பிள்ளைகளைத் தேர்ந்தெடுப்பது எளிதாக இருக்கிறது. லெரேயா, சமாரா, வோல்க என்ற மூவர் 70 ஆய்வுகளை, 2,00,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் விவரங்களோடு சேர்த்துப் பார்த்து 2013-இல் வெளியிட்டார்கள். வீட்டில் வதைபடும், புறக்கணிக்கப்படும் பிள்ளைகள் பள்ளியிலும் ஆளாகும் வாய்ப்பு அதிகம் என்பது யாரும் எதிர்பார்ப்பது. அளவு மீறிப் பொத்திப் பொத்தி வளர்ப்பதும் அந்த வாய்ப்பைக் கூட்டுகிறது என்பதுதான் பலரை நிமிர்ந்து உட்கார வைத்தது.

ஒரு மாணவி நினைவுக்கு வருகிறாள். வயது 13. எந்த வகுப்பு என்று அவளிடம் கேட்டேன். அம்மா பதில் சொன்னார். யார் பக்கத்தில் உட்காருகிறாய் என்றேன், அதற்கும் அம்மாவே. பையின் ஜிப் பாதி திறந்திருந்ததைப் பார்த்துப் பேச்சுக்கு நடுவே அதையும் இழுத்து மூடிவிட்டார். எல்லாம் பாசம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் "வேண்டாம், அதைக் கொடு" என்று சொல்லிப் பழக அந்தப் பெண்ணுக்கு வீட்டில் ஒரு தடவைகூட வாய்ப்பு வந்திருக்காது. அம்மாவை வெளியே சற்று உட்காரச் சொன்ன பிறகு அவள் முதல் வார்த்தை பேச நான்கு நிமிடம் ஆயிற்று.

என் பிள்ளை ஒரு பக்கம் அடி வாங்குகிறான், இன்னொரு பக்கம் சின்னவர்களை அடிக்கிறான். அவனை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

இரண்டிலும். எல்லோரையும்விட அதிக உதவி தேவைப்படுவது இவனுக்குத்தான். ஆனால் இரு தரப்பும் கைவிடுவதும் இவனைத்தான். மேலே சொன்ன 2013 தொகுப்பில் வீட்டுச் சூழலோடு மிக நெருங்கிய தொடர்பு காட்டியது இந்த இரட்டை நிலைப் பிள்ளைகளிடம். வீட்டில் வன்முறையோ கடும் புறக்கணிப்போ இருக்கிறதா என்று நான் முதலில் விசாரிப்பது இவர்கள் விஷயத்தில்தான்.

அண்ணன் தம்பி அடித்துக்கொள்வது எல்லா வீட்டிலும் உண்டு. அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

அடித்துக்கொள்வது என்றால் இருவரும் அடிப்பது. எப்போதும் ஒருவனே அடித்து, எப்போதும் ஒருத்தியே அழுகிறாள் என்றால் அது வேறு. டீட்டர் வோல்க முதலானோரின் ஆய்வுகளில், உடன்பிறந்தவரிடம் இப்படி நடந்துகொள்பவர் பள்ளியிலும் அப்படி நடப்பதும், வீட்டில் ஆளானவர் பள்ளியிலும் ஆளாவதும் அடிக்கடி சேர்ந்தே வருகின்றன. "நீதான் சின்னவள், விட்டுக்கொடு", "அவன் ஆண் பிள்ளை, அப்படித்தான்" என்று தீர்ப்புச் சொல்லி நாம் அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்ற நீதி பிள்ளைகளுக்கு இடையிலும் செல்லும்.

பெற்றோர் பிரிந்திருந்தால், ஒருவர் மட்டும் வளர்த்தால் பிள்ளை இப்படி ஆகுமா?

வீட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைவிட, இருப்பவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும். தினமும் ஒருவரை ஒருவர் இழிவுபடுத்திக்கொண்டு சேர்ந்தே வாழும் பெற்றோரின் பிள்ளைகளை நிறையவே பார்த்திருக்கிறேன். தனியாக வளர்க்கும் பெற்றோரைப் பள்ளிகள் சந்தேகக் கண்ணோடு வரவேற்பதை நிறுத்தினாலே பாதிப் பேச்சு சுலபமாகிவிடும்.

தாயைப் போல பிள்ளை என்கிறீர்கள். என் இரண்டு பிள்ளைகளில் ஒன்று மட்டும் ஏன் இப்படி?

நான் அப்படிச் சொல்லவில்லை! பிரிட்டனில் 1,116 இரட்டையர் ஜோடிகளைப் பின்தொடரும் ஆய்வொன்று உண்டு. பள்ளி வயதில் கொடுமைப்படுத்துவதிலும் ஆளாவதிலும் மரபுக்கூறுகளின் பங்கு கணிசமானது என்று அது காட்டியது. ஒரே வீட்டின் ஒரே அதட்டல், சாதுவான பிள்ளையைச் சுருங்க வைக்கிறது. துடுக்கானதை எகிற வைக்கிறது. அதே ஆய்வின் 2010-ஆம் ஆண்டுக் கட்டுரை இன்னொன்றைச் சொல்கிறது. கொடுமைக்கு ஆளான பிள்ளைகளில், தாயின் அரவணைப்பும் உடன்பிறந்தவரின் பாசமும் வீட்டில் நல்ல சூழலும் வாய்த்தவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகவே மனத்தளவில் பாதிக்கப்பட்டார்கள். பள்ளியில் நடப்பதை வீடு எப்போதும் தடுத்துவிடாது. திரும்பி வரும் பிள்ளையை அது தேற்றுகிறது.

யாராவது அடித்தால் திருப்பி அடி என்று சொல்லிக்கொடுக்கலாமா?

திருப்பி அடிக்க முடிந்தவனை அவர்கள் தேர்ந்தெடுத்திருக்க மாட்டார்கள். அந்த அறிவுரையைக் கேட்ட பிள்ளைக்கு இரண்டு அவமானம்: வகுப்பில் அடி வாங்கியது ஒன்று, அப்பா சொன்னதைச் செய்ய முடியாமல் போனது இன்னொன்று. அடுத்த முறை அடி வாங்கினால் வீட்டில் சொல்லவே மாட்டான்.

பள்ளியிலிருந்து அழைத்துவிட்டார்கள், என் பிள்ளை மற்றொருவனைக் கொடுமைப்படுத்தியிருக்கிறான். இன்று மாலை வீட்டில் என்ன செய்வது?

எதையும் உடனே செய்யாதீர்கள். அன்றைய கோபத்தில் விழும் அறை, அவன் ஏற்கெனவே நம்பும் கணக்கைச் சரிபார்த்துக் கொடுக்கும் கையெழுத்து. "என் பிள்ளை அப்படிச் செய்ய மாட்டான்" என்று பள்ளியோடு மல்லுக்கு நிற்பதும் அவ்வளவே கெடுதல். அதை அவன் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

சாப்பிட்டு முடித்து எல்லோரும் சற்று ஆறிய பிறகு, தம்பி தங்கைகள் இல்லாத இடத்தில் உட்காருங்கள். "ஏன் செய்தாய்?" என்று கேட்டால் "சும்மா" என்ற பதில்தான் வரும், எனக்கும் அதுதான் வந்திருக்கிறது. "என்ன நடந்தது, முதலிலிருந்து சொல்" என்று கேளுங்கள். அவன் சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடாதீர்கள். "அவன்தான் முதலில்..." என்று தொடங்கினாலும் பொறுங்கள். பிறகு, "அப்போது அவன் முகம் எப்படி இருந்தது?" என்று மட்டும் கேட்டு நிறுத்துங்கள். பல பிள்ளைகள் இந்த இடத்தில் முதல் முறையாக மௌனமாகிறார்கள். அந்த மௌனத்தை உபதேசத்தால் நிரப்பிவிடாதீர்கள்.

தண்டனை வேண்டுமா என்றால், வேண்டும். செய்த காரியத்தோடு அதற்குத் தொடர்பு இருக்க வேண்டும். கிழித்த நோட்டைத் தன் கையால் எழுதிக் கொடுப்பது, உடைத்த பொருளுக்குத் தன் சேமிப்பிலிருந்து ஈடு செய்வது போன்றவை. எல்லோர் முன்னிலையிலும் கட்டாயப்படுத்தி மன்னிப்புக் கேட்க வைப்பது ஆகவே ஆகாது. ஆளான பிள்ளைக்கு அது இன்னொரு தொல்லை. மன்னிப்புக் கேட்டவன் அன்று மாலையே வாசலில் காத்திருப்பான்.

அன்று இரவு பெரியவர்கள் தங்களுக்குள் கேட்டுக்கொள்ள வேண்டியதும் ஒன்று உண்டு: நம் வீட்டில் எல்லோரும் சேர்ந்து சிரிக்கும்போது வழக்கமாக யாரை வைத்துச் சிரிக்கிறோம்?

14 வயதாகிவிட்டது. ஐந்தில் வளையாதது இனி வளையுமா?

வளையும். நார்வேயில் 1982-இன் கடைசியில் பதின்வயதுச் சிறுவர் மூவர் உயிரை மாய்த்துக்கொண்டனர். சக மாணவர்களின் கொடுமையே காரணமாக இருக்கக்கூடும் என்று நாடு அதிர்ந்தது. 1983-இல் நாடு தழுவிய இயக்கம் தொடங்கியது. ஓல்வியஸின் திட்டம் பெர்கன் நகரப் பள்ளிகளில் சோதிக்கப்பட்டதும் அதையொட்டித்தான். அதற்குப் பிறகு பல நாடுகளில் இத்தகைய திட்டங்கள் வந்தன. தோஃபியும் ஃபாரிங்டனும் அவற்றில் 44 மதிப்பீடுகளைச் சேர்த்துப் பார்த்து 2011-இல் எழுதியபடி, கொடுமைப்படுத்துவது சராசரியாக 20 முதல் 23 சதவீதம் வரை குறைந்தது. பலன் தந்த அம்சங்களில் பெற்றோருக்கான கூட்டங்களும் பயிற்சியும் இருந்தன. இந்த எண் அற்புதமும் அல்ல, அலட்சியப்படுத்தக் கூடியதும் அல்ல.

வீட்டளவில் நான் பார்த்த மாற்றங்கள் மெதுவானவை. பெரியவர் ஒருவர் தன் தவறுக்குப் பிள்ளையிடமே வருத்தம் தெரிவித்த வீடுகளில் அவை சற்று வேகமாக நடந்தன.

கைப்பேசியைப் பிடுங்கி வைத்தால் போதுமா?

போதாது. கொடுமை கைப்பேசிக்குள் நடந்தால், ஆளான பிள்ளையிடமிருந்து அதைப் பிடுங்குவது அவனுக்கே தண்டனை. அடுத்த முறை மறைப்பான். வந்த செய்திகளை அழிக்காமல் படமெடுத்து வைத்துப் பள்ளியிடம் காட்டுங்கள்.

என் மகளைத் துன்புறுத்தும் பெண்ணின் வீடு எனக்குத் தெரியும். நேரில் போய் அவள் பெற்றோரிடம் பேசட்டுமா?

வேண்டாம். அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. நீங்கள் திரும்பிய பிறகு அந்தப் பெண் அடி வாங்கக்கூடும். மறுநாள் அது உங்கள் மகள்மீது இறங்கும். தேதி, இடம், நடந்தது, பார்த்தவர்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பள்ளியில் கொடுங்கள். இரு குடும்பங்களையும் தனித்தனியே அழைத்துப் பேசும்படி கேளுங்கள். ஒரு வாரம் கழித்து என்ன ஆயிற்று என்று திரும்பப் போய்க் கேளுங்கள். பதில் இல்லை என்றால் மறுவாரமும் போங்கள்.